ஒட்டோ கியருக்குள் ஒரு நூற்றாண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய அமெரிக்கக் கார்களில் ஆர்வமுள்ளவர்களிடம் 1987ஆம் ஆண்டின் பியூக் கிராண்ட் நேஷனல் என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். முழுக்கக் கறுப்பு நிறம், 3.8 லீற்றர் வி6 எஞ்சின், டர்போ, 245 குதிரைவலு. அந்தக் காலத்தின் பெரிய எட்டு சிலிண்டர் கார்களையே பின்னால் விட்ட வண்டி அது. ஆனால் ஒரு விடயம் பலருக்குத் தெரியாது. அந்தக் கார் மெனுவல் கியரில் வரவே இல்லை. வந்ததெல்லாம் ஒட்டோ கியர்தான்.

'ஒட்டோ கியர் சோம்பேறிகளுக்கு, வேகமாக ஓடத் தெரிந்தவனுக்கு மெனுவல்' என்று நம் ஊர் தேநீர்க் கடைகளில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அப்படியென்றால் வேகத்துக்குப் பேர்போன ஒரு காரில் ஏன் ஒட்டோ? அதைவிட, இன்று அந்தக் காரை வைத்திருப்பவர்கள் எஞ்சினில் கை வைப்பதற்கு முன்பே கியர்பொக்ஸையும் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் டோர்க் கன்வேர்ட்டரையும் மாற்ற நினைப்பது ஏன்?

மாற்றுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் எதுவும் சும்மா வைக்கப்படவில்லை. ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு காலத்தின் பிரச்சினைக்கு யாரோ ஒருவர் கண்டுபிடித்த விடை. பிரச்சினை என்னவென்று தெரியாமல் விடையை மட்டும் கழற்றி எறிகிறவரின் கியர்பொக்ஸ் சில நாட்களிலேயே எரிந்துபோகிறது. இதை நாம் வரலாறாகச் சொல்ல விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

கப்பலில் பிறந்தது

கதை காரில் தொடங்கவில்லை. ஜேர்மனியின் ஸ்டெட்டின் துறைமுகத்தில் இருந்த வுல்கான் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்குகிறது. அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது, பெயர் ஷ்செச்சின்.

1900களின் ஆரம்பத்தில் கப்பல்களுக்குக் கொதிநீராவித் டர்பைன் வந்துவிட்டது. அது மிக வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனமாக வேலை செய்யும். ஆனால் கப்பலின் உந்தியோ மெதுவாகச் சுழன்றால்தான் தண்ணீரை நன்றாகத் தள்ளும். வேகமான ஒன்றையும் மெதுவான ஒன்றையும் எப்படி இணைப்பது? அவ்வளவு வலுவைத் தாங்கும் பற்சக்கரங்களை நம்பகமாகச் செய்ய அப்போது முடியவில்லை.

இந்தப் பிரச்சினை ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற இளம் பொறியியலாளரிடம் வந்தது. நூரன்பேர்க்கில் 1877இல் பிறந்தவர். எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றட்டும், பம்பு தள்ளும் திரவம் குழாய் வழியாகப் போய் இன்னொரு டர்பைனைச் சுழற்றட்டும் என்பது ஒருவருக்குச் சாதாரணமாகத் தோன்றக்கூடிய யோசனை. ஆனால் குழாய்களிலும் வளைவுகளிலும் பெருமளவு சக்தி வீணாகும். ஃபொட்டிங்கர் செய்தது, அந்தக் குழாய்களையே நீக்கியது. பம்பையும் டர்பைனையும் ஒரே கூட்டுக்குள் நேருக்கு நேர் வைத்தார். நடுவில் அசையாத தகடுகளின் வளையம் ஒன்றையும் வைத்தார். 1905 ஜூன் மாதம் இதற்குக் காப்புரிமை கோரினார்.

வகுப்பில் இதை விளக்க இரண்டு மேசை ஃபேன்கள் போதும். ஒன்றை மின்சாரத்தில் போட்டு, இணைப்பு இல்லாத மற்றொன்றை அதன் முன்னால் வைத்தால், காற்றே இரண்டாவதைச் சுழற்றும். இரண்டுக்கும் இடையில் இரும்புத் தொடர்பு எதுவும் இல்லை. இவ்வளவு மட்டும் இருந்தால் அது 'திரவ இணைப்பு', ஃபுளூயிட் கப்ளிங். முறுக்கத்தைக் கடத்தும், ஆனால் கூட்டாது. நடுவில் இருக்கும் மூன்றாவது வளையம்தான் வித்தை. டர்பைனை அடித்துவிட்டுத் திரும்பும் எண்ணெய் தவறான திசையில் வந்து பம்பைத் தடுக்கும். அந்த வளையம் அதன் திசையைத் திருப்பி, பம்புக்கு உதவுகின்ற பக்கமாக அனுப்பிவிடுகிறது. விளைவு, உள்ளே போன முறுக்கத்தைவிட அதிகமான முறுக்கம் வெளியே வருகிறது. கார்களில் வரும் கன்வேர்ட்டர்களில், வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணத்தில் இது ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை போகும். சக்தி இலவசமாகக் கிடைப்பதில்லை. வேகம் குறைந்து முறுக்கம் கூடுகிறது, இடையில் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது. இந்த வெப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அது பின்னாலேயே வரும்.

1913இல் வுல்கான் தளம் 'கோனிகின் லூயிஸ்' என்ற பயணிகள் கப்பலை இந்தக் கருவியுடன் கட்டியது. முதலாம் உலகப் போர் தொடங்கியதும் அதைக் கண்ணிவெடி போடும் கப்பலாக மாற்றினார்கள். 1914 ஓகஸ்ட் 5ஆம் திகதி பிரித்தானியர்கள் அதை மூழ்கடித்தார்கள். அந்தப் போரில் ஜேர்மன் கடற்படை இழந்த முதல் கப்பல் அதுதான். அடுத்த நாள், அது போட்டுவிட்டுப் போன கண்ணிவெடியில் சிக்கி, அதை மூழ்கடித்த அணியின் தலைமைக் கப்பலான 'அம்ஃபியன்' மூழ்கியது. உல்லாசப் பயணத்துக்காகக் கட்டிய ஒரு கப்பலின் ஆயுள் அவ்வளவுதான்.

பிற்பாடு நல்ல பற்சக்கரங்கள் வந்தன. கப்பல்களுக்கு ஃபொட்டிங்கரின் கருவி பெரிதாகத் தேவைப்படவில்லை. அவர் பேராசிரியராகி, 1945 ஏப்ரல் இறுதியில் பெர்லின் வீழ்ந்துகொண்டிருந்தபோது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். இன்று உலகில் ஓடும் கோடிக்கணக்கான ஒட்டோ கார்களில் அவரது யோசனை இருக்கிறது. பெயரை அறிந்தவர்கள் குறைவு.

இங்கே ஒரு சிறு இடைக்குறிப்பு. எந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசினாலும் அதை அல்-ஜஸரியிடம் கொண்டுபோய் முடிக்கும் பழக்கம் நம் மத்தியில் இருக்கிறது. 1206இல் அவர் எழுதிமுடித்த இயந்திரங்கள் பற்றிய நூல் உண்மையிலேயே ஓர் அற்புதம். அதற்கான மதிப்பு அதற்கே போதும். ஆனால் டோர்க் கன்வேர்ட்டர் ஃபொட்டிங்கருடையது. ஒருவரின் உழைப்பை அவர் பெயரோடு சொல்வதும் அமானிதம்தான்.

லண்டன் மாடி பஸ் இலங்கைக்குக் கொண்டுவந்தது

1920களில் ஹரோல்ட் சின்க்ளேர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், லண்டன் பஸ்கள் கிளம்பும்போது வரும் குலுக்கலைக் குறைக்க ஃபொட்டிங்கரின் திரவ இணைப்பைப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்ந்தார். 1930இல் டைம்லர் கம்பனி 'ஃபுளூயிட் ஃபிளைவீல்' என்ற பெயரில் இதைத் தன் கார்களில் போட்டது. பிறகு லண்டனின் புகழ்பெற்ற சிவப்பு நிற ஆர்டி ரக மாடி பஸ்களிலும் அதே திரவ இணைப்பு வந்தது.

அந்த பஸ்களில் நூற்றுக்கணக்கானவை லண்டனில் ஓடி முடிந்த பின் இலங்கைக்கு விற்கப்பட்டன. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாடி பஸ்ஸில் ஏறிய நம் மூத்தவர்கள், ஸ்டெட்டின் கப்பல் தளத்தில் பிறந்த யோசனையின் மேல்தான் உட்கார்ந்து பயணம் செய்தார்கள். சாரதியின் கால் கீழே வழக்கமான கிளச் இருக்கவில்லை. கியரை முன்கூட்டியே தெரிவு செய்துவிட்டு மிதியை அழுத்தினால் அது மாறும்.

ஒரு காலும் ஒரு கிளச்சும்

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் வேறு பாதையில் வந்தது. ஏர்ல் தொம்ஸன் என்ற பொறியியலாளரின் குழு திரவ இணைப்புக்குப் பின்னால் நான்கு வேகக் கியர்களை வைத்து, எண்ணெய் அமுக்கமே கியரை மாற்றும்படி செய்தது. பெயர் ஹைட்ராமெட்டிக். 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 57 டொலர் மேலதிக விலைக்குக் கிடைத்தது. கிளச் மிதி இல்லை. அதில் இருந்தது திரவ இணைப்பு மட்டுமே, முறுக்கத்தைக் கூட்டும் கன்வேர்ட்டர் அல்ல. அதனால்தான் அந்தக் காலத்திலேயே நான்கு கியர்கள் தேவைப்பட்டன.

பிறகு போர். எம்5 ஸ்டுவர்ட் என்ற இலகு டாங்கியில் இரண்டு கடிலாக் எஞ்சின்களும் இரண்டு ஹைட்ராமெட்டிக்குகளும் போட்டார்கள். போர் முடிந்ததும் 'போர்க்களத்தில் சோதிக்கப்பட்டது' என்று அதையே விளம்பரமாக்கினார்கள்.

ஆனால் போர் இன்னொன்றையும் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கை, கால் இழந்து வீடு திரும்பினார்கள். இடது கால் இல்லாதவரால் கிளச்சை மிதிக்க முடியாது. 1946இல் அமெரிக்க அரசு, போரில் கால் இழந்தவர்கள் கார் வாங்க 1,600 டொலர் வரை வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஓல்ட்ஸ்மொபைல் 'வேலியன்ட்' என்ற பெயரில் ஹைட்ராமெட்டிக்குடன் விசேட கட்டுப்பாட்டுக் கருவிகளையும் சேர்த்துக் கொடுத்தது.

சோம்பேறிகளின் கியர் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். போரில் கால் இழந்தவர்கள் நம்மோடு வாழும் நாட்டில் இதை நாம் விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு மிதி குறைந்தபோது, மறுபடி ஒரு மனிதன் தானாக வேலைக்குப் போய் வர முடிந்தது.

மிருதுவும் வீணும்

1948இல் பியூக் 'டைனாஃப்ளோ' வந்தது. பியூக் போர்க்காலத்தில் தயாரித்த எம்18 ஹெல்கெட் என்ற வேகமான வாகனத்தின் டோர்க் கன்வேர்ட்டர் அனுபவம் அதன் பின்னணி. இதில் சாதாரண ஓட்டத்தில் கியர் மாறவே மாறாது. நின்ற இடத்திலிருந்து நெடுஞ்சாலை வேகம் வரை கன்வேர்ட்டர் ஒன்றே பார்த்துக்கொள்ளும். வெண்ணெய் மாதிரி ஓடும், ஆனால் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும், கார் பின்னால் சோம்பலாக வரும், பெற்றோல் போகும். 'ஸ்லஷ்பொக்ஸ்', அதாவது கூழ்ப்பெட்டி என்று கேலிப் பெயர் வந்தது அந்தத் தலைமுறைக் கியர்களால்தான். 1950இல் செவ்ரோலே இரண்டே வேகம் கொண்ட 'பவர்கிளைட்'டைக் கொண்டுவந்தது.

1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி மிச்சிகனின் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமெட்டிக் தொழிற்சாலை எரிந்தது. ஏறத்தாழ 34 ஏக்கர் பரப்புள்ள ஒரே கட்டடம், நடுவில் தீத்தடுப்புச் சுவர் இல்லை. திருத்த வேலையின் தீப்பொறி ஒன்று எண்ணெயில் பற்றியது. உயிர்களும் போயின. ஹைட்ராமெட்டிக் இல்லாமல் கடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் பியூக்கின் டைனாஃப்ளோவைப் போட்டன, பொன்டியாக் பவர்கிளைட்டைப் போட்டது. போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானம் செய்த வில்லோ ரன் தொழிற்சாலையில் ஹைட்ராமெட்டிக் உற்பத்தியை மறுபடி தொடங்கினார்கள். ஒரு கம்பனியின் காருக்கு இன்னொரு ரகத்தின் கியர்பொக்ஸ் போடலாம் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியது வாகனப் பைத்தியங்கள் அல்ல, தீயில் அகப்பட்ட கம்பனியே.

சரியான கலவை 1956இல் கிறைஸ்லரின் 'டோர்க்ஃப்ளைட்'டோடு வந்தது. முன்னால் டோர்க் கன்வேர்ட்டர், பின்னால் மூன்று வேகக் கியர். அதன் கியர் அமைப்பு ஹவர்ட் சிம்ப்ஸன் என்பவருடைய வடிவமைப்பு. இரண்டு கோள்வகைப் பற்சக்கரத் தொகுதிகளுக்கு நடுவில் ஒரே சூரியச் சக்கரம். எளிமையானது, உறுதியானது. பிறகு ஃபோர்டும் ஜெனரல் மோட்டர்ஸும் இதே அமைப்புக்கு வந்தன.

1964இல் ஜெனரல் மோட்டர்ஸின் 'டர்போ ஹைட்ராமெட்டிக் 400' வந்தது. முரட்டுப் பெட்டி என்று பேர் வாங்கியது. ரோல்ஸ் ரொய்ஸ் வாங்கிப் போட்டது. 1976இல் ஃபெராரி தன் முதல் ஒட்டோ காருக்கும் இதையேதான் போட்டது. 1969இல் வந்த 350 ரகம் அதன் இலகுவான தம்பி.

பந்தயக்காரர்கள் கண்டுபிடித்தது

இதற்கிடையில் கலிபோர்னியாவின் நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். மெனுவல் கியரில் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் எஞ்சினின் வலு ஒரு கணம் அறுந்துபோகிறது. ஒட்டோவில் அறுவதில்லை. பி அண்ட் எம் போன்ற சிறு நிறுவனங்கள் 1950களிலேயே பழைய ஹைட்ராமெட்டிக்குகளைப் பந்தயத்துக்காகப் பலப்படுத்தி விற்கத் தொடங்கின.

வட்டப் பாதைப் பந்தயத்தில் டெக்ஸாஸைச் சேர்ந்த ஜிம் ஹோல் தன் சப்பரல் காரில் டோர்க் கன்வேர்ட்டர் வைத்த கியர்பொக்ஸைப் போட்டார். 1965இல் செப்ரிங் 12 மணிநேரப் பந்தயத்தில், ஓடுபாதையே வெள்ளத்தில் மிதந்த அடைமழையில், ஹோலும் ஹெப் ஷார்ப்பும் அதை ஓட்டி வென்றார்கள். அடுத்த வருடக் காரில், கிளச் இல்லாததால் சும்மா இருந்த இடது காலுக்கு வேறு வேலை கொடுத்தார். காரின் பின்னால் உயரத்தில் இருந்த சிறகின் கோணத்தை மாற்றும் மிதி அது.

பந்தயக்காரர்கள் கற்ற மிக முக்கியமான பாடம் 'ஸ்டோல்' வேகம். காரை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு எக்சிலேட்டரை முழுதாக மிதித்தால், எஞ்சின் ஒரு சுழற்சி வேகம் வரை ஏறி அதற்கு மேல் போகாது. அதுதான் அந்தக் கன்வேர்ட்டரின் ஸ்டோல். சாதாரணக் கார்களில் இது தாழ்வாக இருக்கும். பந்தய எஞ்சினோ உயர்ந்த சுழற்சியில்தான் வலுக் காட்டும். கன்வேர்ட்டரின் விட்டம் சிறுத்தால் ஸ்டோல் உயரும். எனவே அந்நாளில், சிறிய செவ்ரோலே வேகா காரின் சின்னக் கன்வேர்ட்டரை எடுத்துப் பெரிய எஞ்சினுக்குப் பின்னால் போட்டார்கள். பழைய இரும்புக் கடையில் கிடைத்த மலிவான மருந்து.

எண்ணெய் நெருக்கடியும் திமிங்கிலமும்

1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. 1975இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. 1985இல் கார்களின் சராசரி ஒரு கலனுக்கு 27.5 மைலாக இருக்க வேண்டும் என்றது. நம் கணக்கில் லீற்றருக்கு ஏறத்தாழ 11.7 கிலோமீற்றர். கன்வேர்ட்டருக்குள் வீணாகும் ஒவ்வொரு துளியும் இப்போது கணக்குக்கு வந்தது.

விடை ஏற்கெனவே இருந்தது. 1949இலேயே பெக்கார்ட் கம்பனி தன் 'அல்ட்ராமெட்டிக்'கில், கார் ஓட்டத்துக்கு வந்ததும் கன்வேர்ட்டரின் இரு பக்கங்களையும் இறுக்கிப் பூட்டும் கிளச் ஒன்றை வைத்திருந்தது. பெற்றோல் மலிவாக இருந்த காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1978இல் கிறைஸ்லர் அதை மறுபடி கொண்டுவந்தது. இதைத்தான் 'லொக்கப்' என்கிறோம். அதோடு நான்காவதாக ஓவர்டிரைவ் கியரும் வந்தது. ஜெனரல் மோட்டர்ஸின் 200-4ஆர், 700-ஆர்4 இரண்டும் 1980களின் ஆரம்பத்துப் பிள்ளைகள்.

இதே காலத்தில் யாரும் எதிர்பாராத இன்னொரு பிரச்சினை வந்தது. ஒட்டோ கியர் எண்ணெயில் அதுவரை விந்துத் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டு வந்தது. உள்ளே இருக்கும் கிளச் தகடுகள் அதிராமல் மிருதுவாகப் பிடிக்க அது மிகப் பொருத்தமானது. திமிங்கிலம் அழிவின் விளிம்பில் என்று அமெரிக்கா அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. மாற்றாக வந்த முதல் எண்ணெயில், ரேடியேட்டருக்குள் இருந்த குளிரூட்டிக் குழாய்களின் ஈயப் பற்றுகள் அரித்துப்போயின. பிறகுதான் அரிப்பைத் தடுக்கும் சேர்மானத்துடன் புதிய தரம் வந்தது. 'எந்த ஒயில் போட்டாலும் ஒன்றுதானே' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

எடையைக் குறைக்க 1976இல் வந்த சிறிய 200 ரகக் கியர்பொக்ஸோ தன்னைவிடப் பெரிய கார்களில் போடப்பட்டுப் பெருமளவில் பழுதானது. அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு வரை விடயம் போய், 1983இல் வாடிக்கையாளர் முறைப்பாடுகளைத் தீர்க்கும் உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. 200-4ஆர் அந்தக் குடும்பத்திலிருந்துதான் வந்தது. கிராண்ட் நேஷனலுக்குக் கிடைத்த கியர்பொக்ஸும் அதுதான்.

இப்போது அந்தக் கறுப்பு பியூக்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு காருக்குத் திரும்புவோம்.

டர்போ எஞ்சினுக்கு ஒரு பலவீனம். தாழ்ந்த சுழற்சியில் வெளியேறும் புகை போதாது, அதனால் டர்போ விழிப்பதில்லை. மெனுவல் கியரில் ஒவ்வொரு மாற்றத்திலும் எக்சிலேட்டரை விட வேண்டும், டர்போ தூங்கிவிடும். ஒட்டோவில் ஒரு காலை பிரேக்கில் வைத்து மற்றக் காலால் எக்சிலேட்டரை மிதித்தால், கன்வேர்ட்டர் எஞ்சினைச் சுழலவிடும், டர்போ அமுக்கம் ஏறும், பிரேக்கை விட்டதும் கார் பாயும். அதனால்தான் இந்தக் காருக்கு ஒட்டோ பொருந்தியது.

1987இல் இறுதியாக வந்த ஜிஎன்எக்ஸ் என்ற விசேட வகையில் 547 கார்களே தயாரிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட வலு 276 குதிரைவலு. அதற்கு எஞ்சினை மட்டும் தொட்டு நிறுத்தவில்லை. கியர்பொக்ஸின் மாறும் முறையைத் திருத்தினார்கள், கன்வேர்ட்டரை மாற்றினார்கள், தனியான எண்ணெய்க் குளிரூட்டி வைத்தார்கள். மேம்படுத்தும் எவருக்கும் அதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. மூன்றையும் சேர்த்தே செய்தார்கள்.

இன்று இந்தக் கியர்பொக்ஸைப் பலப்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஸ்டோல் எண். பெட்டியில் 3000 என்று எழுதியிருப்பது எல்லா எஞ்சினுக்கும் 3000 அல்ல. அதிக முறுக்கமுள்ள எஞ்சின் அதே கன்வேர்ட்டரை இன்னும் உயரத்துக்குத் தள்ளும். வீதியில் ஓட்டும் காருக்கு அளவுக்கு மீறி உயர்ந்த ஸ்டோல் போட்டால், டைனாஃப்ளோவின் குறையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியதாகிவிடும்.

இரண்டாவது, வெப்பம். எண்ணெயின் வெப்பநிலை ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 11 பாகை ஏறும்போதும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது கியர் திருத்துபவர்களின் பழைய கணக்கு. லொக்கப் இல்லாத, ஸ்டோல் உயர்ந்த கன்வேர்ட்டரை ஓவர்டிரைவில் நீண்ட தூரம் ஓட்டினால் வெப்பம் நிற்காமல் ஊறும். எனவே கன்வேர்ட்டருக்கு முன் குளிரூட்டி. லொக்கப்பை வேண்டாம் என்று கழற்றுபவர், 1973க்கு முந்திய உலகத்துக்குத் திரும்புகிறார் என்பதை அறிந்துகொண்டு கழற்றட்டும்.

மூன்றாவது, ஒரு சின்னக் கேபிள். 200-4ஆர், 700-ஆர்4 இரண்டிலும் எக்சிலேட்டரிலிருந்து கியர்பொக்ஸுக்கு ஒரு கம்பி போகிறது. பார்த்தால் பழைய கார்களின் கிக்டவுன் கம்பி மாதிரி இருக்கும். ஆனால் இதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் அமுக்கத்தைத் தீர்மானிக்கிறது. 1960களின் கார்களுக்கு இந்த நான்கு வேகப் பெட்டியை மாற்றிப் போடும் பலர் இங்கேதான் விழுகிறார்கள். வேறு காபரேட்டரில் இந்தக் கம்பி சரியான கோணத்தில் இழுபடாவிட்டால் அமுக்கம் போதாது, கிளச் தகடுகள் வழுக்கும், மிகக் குறுகிய ஓட்டத்திலேயே புதுப் பெட்டி கருகிவிடும். ஆயிரக்கணக்கான டொலர் செலவு, காரணம் ஒரு கம்பி.

நான்காவது, உள்ளுறுப்புகள். பம்பின் வளையங்கள், முன் கிளச் கூடு, இரண்டாம் கியரின் பட்டியை இறுக்கும் சேர்வோ, இவை எல்லாம் எடை குறைந்த காலத்துக்காகக் குறைக்கப்பட்டவை. எஞ்சின் வலுவைக் கூட்டினால் இவற்றையும் உறுதியான பாகங்களாக மாற்ற வேண்டும். சங்கிலியில் ஒரு வளையத்தை மட்டும் தடிப்பாக்கினால் அடுத்த வளையம்தான் அறும்.

பலன் சிறியதல்ல. பின் அச்சு விகிதம் 3.73 உள்ள ஒரு பழைய மூன்று வேகக் கார், 26 அங்குல டயரில் மணிக்கு 100 கிலோமீற்றரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுழற்சியில் இரையும். அதே காரில் 200-4ஆர் போட்டால் நான்காம் கியர் விகிதம் 0.67, சுழற்சி 2000க்கு வந்துவிடும். முதல் கியரோ 400 ரகத்தின் 2.48இலிருந்து 2.74 ஆகிறது. கிளம்பும்போதும் நன்மை, தூரப் பயணத்திலும் நன்மை. 350 ரகத்தின் நீளத்தோடு இது கிட்டத்தட்ட ஒத்துப்போவதால்தான் இத்தனை பேர் இதைத் தேடுகிறார்கள்.

நமக்கு என்ன?

கிராண்ட் நேஷனல் நம் வீதிகளில் இல்லை, உண்மை. ஆனால் 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது, 2025இல் மறுபடி திறக்கும் வரை, இருந்த பழைய ஒட்டோ கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய கியர்பொக்ஸ் தேடியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அங்கேயும் இதே கேள்விகள்தான். எந்த ஒயில், எந்தக் கன்வேர்ட்டர், குளிரூட்டி ஏன் அடைக்கிறது. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுதும் ஒரு பெட்டிக்குள் போய்விடக்கூடிய விடயம் இது.

கையில் எண்ணெயோடு நிற்கும் பாஸ்மார் பலருக்கு இந்தப் பெட்டியின் குணம் நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் கெரேஜில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு 'இதைக் கழற்று, அதைப் போடு' என்பதோடு பாடம் முடிந்துவிடக்கூடாது. இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேட்கப் பழக்கினால், அவர்கள் கையில் எரியும் பெட்டிகள் குறையும். தொழிலை வெறும் கைவேலை என்று நினைத்து அனுப்பும் பெற்றோரும், படிக்காதவன் போகும் இடம் கெரேஜ் என்று சொல்லும் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஃபொட்டிங்கர் முதல் சிம்ப்ஸன் வரை இந்தப் பெட்டிக்குள் இருப்பது படிப்புத்தான்.

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பழைய மாடி பஸ்ஸை ஓட்டிய, அதில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அந்தக் கியர் எப்படி மாறியது என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவைப்பது நல்லது.